அப்பா சொல்லாமல் போன பாஸ்கா

என் அமலுக்கு,

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நீதான் என்று ஈரக்காலோடு ஓடி, வழுக்கி விழப் பார்த்து, எடுத்தால் உன் பெண்டாட்டி. வழக்கமாக ஹன்னா "அம்மா, சாப்ட்டாச்சா?" என்று தனக்குத் தெரிந்த தமிழை முதலில் கொட்டிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவாள். அன்றைக்கு அது இல்லை. "அப்பா இறந்த வருஷம் பண்டிகை கூடாதுன்னு அமல் சொல்றார். எங்க யூதப் பாஸ்காவும் வேண்டாமாம். உங்க வழக்கம் அப்படியா?" என்று பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாகக் கேட்டாள். ஆமாம், வழக்கம்தான் என்றேன். சரி என்றாள். பேத்தி ரீனாவைக் கூப்பிட்டு என்னோடு பேச வைத்தாள். அப்புறம் போனை வைத்துவிட்டாள். அழவில்லை, உன்னைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் நான் உன் பக்கம் பேசியிருப்பேன்.

உன்னிடம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டர் தட்டுவாய். அந்தச் சத்தம் எனக்குக் கேட்காது என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். தவக்காலத்துக்கு ஓர் ஒறுத்தல் என்று நினைத்துக்கொண்டு முழுசாகப் படி.

துக்க வருஷத்தில் பண்டிகை கொண்டாடாமல் இருப்பதை நான் இளப்பமாகச் சொல்ல மாட்டேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் வாசலில் ஸ்டார் கட்டவில்லை, குடில் வைக்கவில்லை, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏற்றவில்லை. நிலக்கரி மைன்ஸின் பழைய குவார்ட்டர்ஸில் நமக்குப் பக்கத்து வீட்டில் இருந்த ஜமுனா, டவுன்ஷிப்பிலிருந்து வடக்குத்து ஊரில் இருக்கிற இந்த வீட்டுக்கு பஸ் பிடித்து வந்து, ஒரு டப்பா முறுக்கைக் கொடுத்து, என்னோடு சேர்ந்து கொஞ்ச நேரம் அழுதுவிட்டுப் போனாள். ஈஸ்டருக்கும் எனக்குப் புதுப்புடவை கிடையாது. நீயும் அப்படியே இருக்க நினைத்தாய், அது உன் அப்பா மேல் உனக்கு இருக்கிற பாசம், எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஹன்னாவிடம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறாய். "அப்பாவுக்கு அந்தப் பண்டிகையே பிடிக்காது, அன்னைக்கு எவ்ளோ கோபமா இருந்தார்" என்றாயாம். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. உன் அப்பா எதற்குக் கோபப்பட்டார், அந்தக் கோபம் அப்புறம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும், ஹன்னாவுக்குத் தெரியும். வீட்டில் தெரியாத ஒரே ஆள் நீதான்.

நாலு வருஷத்துக்கு முன்னால், கல்யாணம் முடிந்து முதல் முறையாக அவளை அழைத்து வரப்போகிறேன் என்று சொன்னாயே, அப்போது ஆரம்பித்தது. விசா கிடைக்காமல் உன் கல்யாணத்தை நாங்கள் போட்டோவில்தான் பார்த்தோம். அதனால் அந்த வருகை எங்களுக்குக் கல்யாணம் மாதிரி. உன் அப்பா குவார்ட்டர்ஸ் சுவருக்குத் தானே சுண்ணாம்பு அடித்தார். மைன்ஸில் லீவு எழுதிக் கொடுத்தார். அப்புறம் ஒரு நாள் நீ போன் செய்து, உனக்குக் கிடைத்த லீவு அவர்களுடைய பாஸ்கா வாரத்தில் விழுகிறது என்றாய். "அம்மா, மத்த நாள்ல அவ எங்க வேணாலும் சாப்பிடுவா. அந்த எட்டு நாள் மட்டும் நம்ம வீட்டுப் பாத்திரத்துல சாப்பிட மாட்டா. தட்டு, டம்ளரெல்லாம் அவளே கொண்டாந்துடுவா. நீ ஒண்ணும் நினைச்சுக்காத." போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், பெருமைக்காக. உன் அப்பா எழுந்து தோட்டத்துப் பக்கம் போனார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "எங்கப்பனுக்கு டீக்கடையில தனிக் கொவள. எம்புள்ள அமெரிக்கா போயி அந்தக் கொவளைய எங்கூட்டுக்கே எத்துகினு வரான்" என்றார். மறுநாள் போய் எழுதிக் கொடுத்த லீவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

உன் தாத்தாவின் குவளையைப் பற்றி உன்னிடம் நாங்கள் சொன்னதே இல்லை. உன் அப்பா பிறந்த ஊரில் நம் தெரு தனி. தாத்தா வயல் வேலை முடித்து வந்தால், டீக்கடைப் பக்கவாட்டுச் சுவரில் ஆணியில் அவருக்கென்று ஓர் அலுமினியக் குவளை தொங்கும். அதை அவரே எடுத்து நீட்ட வேண்டும். மேலே இருந்து ஊற்றுவார்கள். தள்ளி உட்கார்ந்து குடித்துவிட்டு, அவரே கழுவி மாட்ட வேண்டும். தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு நின்று உன் அப்பா அதைப் பார்த்திருக்கிறார். தலைமுறை தலைமுறையாக ஞானஸ்நானம் வாங்கின குடும்பம் என்பதெல்லாம் அந்தக் கடைக்காரனுக்கு ஒரு கணக்கே இல்லை. மைன்ஸில் பர்மனென்ட் ஆனதும் உன் அப்பா தனக்கென்று வாங்கின முதல் சாமான் அந்தப் பெரிய எவர்சில்வர் தட்டுதான். பெயர் வெட்டி வாங்கி வந்தார். டவுன்ஷிப்பில் எல்லா ஜில்லாக்காரர்களும் இருந்தார்கள். ஜமுனா சிவகங்கைப் பக்கம், எதிர்வீடு திருவதிகை, மேல்வீட்டில் தெலுங்குக்காரர்கள். கிண்ணத்தில் குழம்பு போகும், வேறு குழம்பு வரும். "இங்க பொறந்த புள்ளைக்கு அந்தக் கத எதுக்கு? அவன் யாரைப் பாத்தும் கூசாம வளரட்டும்" என்று உன் அப்பா சொல்லிவிட்டார். நானும் வாயைக் கட்டிக்கொண்டேன். நீயும் கூசாமல்தான் வளர்ந்தாய். அதில் அவருக்கு எத்தனை சந்தோஷம் தெரியுமா? அதனாலேயே, நீ போனில் சொன்னது அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்பது உனக்குத் தெரிய வழியில்லாமல் போயிற்று.

குருத்து ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை மத்தியானம் வந்து இறங்கினீர்கள். நான் பெரிய புத்திசாலி மாதிரி, தட்டுப் பேச்சே வர வேண்டாம் என்று எல்லோருக்கும் வாழை இலை போட்டேன். ஹன்னா இலையைத் தடவித் தடவிப் பார்த்தாள். நீ போட்டோ எடுத்தாய். ஷிப்ட் முடிந்து வந்த உன் அப்பா, ரசத்துக்கு முன்னாலேயே எழுந்துவிட்டார். கை கழுவுகிற இடத்தில் என்னிடம், "விருந்தாளிக்கு எல போடுவாங்க. மருமவளுக்குத் தட்டு வெப்பாங்க. நீ எது போட்டுகிற?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு உன் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டார், ராத்திரிச் சாப்பாடும் அங்கேதான். அப்பாவுக்கு வெளியே ஒரு வேலை என்று உன்னிடம் சொன்னேன். நீ நம்பினாய். நீ எதைத்தான் நம்பவில்லை!

மறுநாள் விடிந்து வெகுநேரம் ஆகியும் ஜெட் லாக் என்று நீ போர்த்திக்கொண்டு தூங்கினாய். அவள் மட்டும் சமையலறைக்கு வந்தாள். நேற்று ஏன் இலை, வீட்டில் தட்டு இல்லையா என்று கேட்டாள். நீதான் எங்கள் தட்டில் சாப்பிட மாட்டாயே என்றேன். என் எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷில் அது எப்படி விழுந்ததோ, அவள் முகம் சிவந்துவிட்டது. கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். புதன்கிழமை சாயந்திரம் தொடங்குகிற அந்த எட்டு நாள் அவள் வீட்டிலேயே அவள் தட்டில் அவள் சாப்பிட மாட்டாளாம். எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துக் கதவுக்கு டேப் ஒட்டிவிடுவார்களாம். ரொட்டி பட்ட பாத்திரம், புளித்த மாவு பட்ட பாத்திரம், அதனால். அவர்கள் ஜனங்கள் அடிமைத்தனத்திலிருந்து கிளம்பின அவசரத்தில் மாவு புளிக்க நேரமில்லை, அந்த ஞாபகம் என்றாள். இதெல்லாம் நாம் கோயிலில் வாசகமாகக் கேட்டதுதான். அதற்காகச் சட்டி பானையைப் பூட்டி வைப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஆள் தொட்டதால் இல்லையா என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. அப்புறம்தான் உன் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். டீக்கடை, ஆணி, குவளை என்று ஒவ்வொரு வார்த்தையாக, கையால் நடித்துக் காட்டி. அவள் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அமலுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது, சொல்லக் கூடாது என்றேன். இந்த நாலு வருஷமாக அவள் சொல்லவில்லை, பார்த்தாயா.

கொஞ்ச நேரம் பொறுத்து எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து நகத்தால் தட்டிப் பார்த்தாள். எவர்சில்வர்தானே என்றாள். பீங்கான் என்றால் ஒன்றும் செய்ய முடியாதாம். மண் பாத்திரமும் அப்படித்தானாம். இந்த மாதிரிப் பாத்திரத்தைத் தேய்த்து, ஒரு நாள் சும்மா வைத்திருந்து, கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்தால் பாஸ்காவுக்கு ஆகுமாம். "உங்க கிச்சன் என் கிச்சனைவிட நல்லது" என்று சிரித்தாள். திங்கட்கிழமை எல்லோரும் இலையில் சாப்பிட்டதால் தட்டெல்லாம் ஏற்கெனவே சும்மாதான் இருந்தது. என் புத்திசாலித்தனம் அந்த ஒரு விஷயத்துக்காவது உதவியது. தோட்டத்தில் கல் கூட்டி, முந்திரி விறகு வைத்து, குளிக்க வெந்நீர் போடுகிற அண்டாவை ஏற்றினோம். ஒவ்வொரு தட்டாக இடுக்கியால் பிடித்து முக்கி எடுத்தாள். ஜமுனா வேலிக்கு மேல் தலையை நீட்டி, "என்னக்கா, அரிசி மூட்டை, பருப்பு டின்னெல்லாம் எங்க வீட்டுக்கு வருது, இப்ப அண்டாவும் ஏறிருச்சு. வீட்டைக் காலி பண்ணப் போறீகளா? அண்ணனுக்கு ரிட்டையர்மென்ட்டு இன்னும் வரலையே!" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. மாவாகக்கூடிய தானியம், விதை எதுவுமே அவள் வீட்டு வழக்கத்தில் சேராதாம். அரிசி கூடாது, பருப்பு கூடாது, கடுகு கூடாது, நல்லெண்ணெய் கூடாது, பெருங்காயத்தில் கோதுமை சேர்ப்பதால் அதுவும் கூடாது. ஒரு தமிழ் வீட்டில் இதையெல்லாம் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் சொல்லு.

அந்த நேரத்தில்தான் உன் அப்பா ஷிப்ட் முடிந்து வந்தார். தோட்டத்துக் கதவருகில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றுவிட்டார். ஹன்னா கையில் இருந்தது அவருடைய தட்டு. புகையில் கண் கலங்கி, மணிக்கட்டில் ஆவி பட்டுச் சிவந்து, அவர் பெயர் வெட்டின பக்கத்தைத் திருப்பித் திருப்பி முக்கிக்கொண்டிருந்தாள். "எந்தட்ட ஏன் கொதிக்க வெக்குது இந்தப் பொண்ணு?" என்று என்னைக் கேட்டார். "அதுல சாப்பிடறதுக்குத்தான்" என்றேன். அவள் தட்டுகூட அந்த வாரம் அவளுக்கு ஆகாது, கொதிக்க வைத்தால் நம் தட்டு ஆகும் என்று விளக்கினேன். சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே போனார். கோபம் இன்னும் போகவில்லை என்றுதான் நினைத்தேன். மைன்ஸில் போடுகிற கையுறையை எடுத்துக்கொண்டு வந்து, "சூடு, கைய விடாதம்மா" என்று அவளிடம் நீட்டினார். அப்புறம் இடுக்கியைத் தானே வாங்கிக்கொண்டார். மீதிப் பாத்திரம் முழுக்க அவர்தான் முக்கினார். நீ எழுந்து வந்தபோது எல்லாம் காய்ந்துகொண்டிருந்தது. "வாவ்" என்றாய்.

அன்று ராத்திரி அவள் மெழுகுவத்தியும் கோழி இறகும் வைத்துக்கொண்டு மூலை மூலையாக ரொட்டித் துகள் தேடினாள். "நாட்டுக்கே கரண்டு எடுக்குற ஊர்ல வந்து மெழுவத்தி ஏத்துது பாரு" என்று உன் அப்பா கிண்டல் செய்துகொண்டே பின்னால் போய் கட்டிலை நகர்த்திக் கொடுத்தார். மறுநாள் காலை பண்ருட்டிச் சந்தைக்கு அவரே போனார். பலா, முந்திரி, உருளைக்கிழங்கு, வாழைக்காய், முட்டை. சமைக்க மட்டும் இரண்டு புதுப் பாத்திரம் வாங்கினோம். கடுகு தாளிக்காமல், தேங்காய் எண்ணெயில் நான் வைத்த குழம்பு உங்களுக்கு ருசித்ததோ என்னவோ, எனக்கு மலையாளத்து ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருந்தது. சாயந்திரம் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். சடங்குச் சாமான்களை நடுவில் வைக்க, பாஸ்காவுக்கென்றே தனியாக அவள் கொண்டுவந்த பீங்கான் தட்டு பெட்டியிலேயே உடைந்திருந்தது. உன் அப்பா தன் தட்டைத் துடைத்துக் கொண்டு வந்து வைத்தார். அடிமைப்பட்ட கசப்பை நினைத்து எதையாவது கசக்கச் சாப்பிட வேண்டுமாம், வேப்பங்கொழுந்து பறித்து வைத்தேன். அவள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்தப் புளிக்காத அப்பத்தை அவள் உடைத்து நீட்டினபோது நான் என்ன செய்தேன் என்று நினைவிருக்கிறதா? கோயிலில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்குகிற பழக்கத்தில் கையைக் கூப்பி, நாக்கை நீட்டி, "ஆமென்" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் ஜமுனா ஓடி வந்தாள்.

இதெல்லாம் உனக்கு நினைவிருக்கும். அடுத்து நடந்ததைத்தான் நீ தப்பாக வைத்திருக்கிறாய். வீட்டில் சின்னவர்தான் கேள்வி கேட்க வேண்டும், பெரியவர் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லி, எங்களில் சின்னவளான ஹன்னா தானே கேட்டாள். இந்த ராத்திரி மட்டும் ஏன் வேறு மாதிரி என்று கேட்டாள். பதிலையும் சொல்லிக் கொடுத்தாள், நீ தமிழில் சொன்னாய். நாங்கள் அடிமைகளாக இருந்தோம், வெளியே வந்தோம் என்று. உன் அப்பா உடனே கேட்டார்: "அடிமையா இருந்தத வருஷா வருஷம் புள்ளைங்கள ஒக்கார வெச்சிச் சொல்லுவாங்களாடா? வெக்கமா இருக்காதா அவங்களுக்கு?" நீ சிரித்துக்கொண்டே அதை அவளுக்கு இங்கிலீஷில் சொன்னாய். அவள் சிரிக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னாள். "அதைச் சொல்றதுக்குத்தான் இந்தச் சாப்பாடேன்னு சொல்றாப்பா" என்றாய், வாயில் பலாச்சுளையோடு. உன் அப்பா சட்டென்று எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். நீ அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாய். நான் பின்னாலேயே போனேன். குழாயடியில் நின்று அழுதுகொண்டிருந்தார். எனக்குத் தெரிந்து அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். "நாந்தான் மறைக்கணும்னு நெனச்சிக்கினேன்" என்றார். "அடுத்த தரம் வரட்டும். இப்படியே ஒக்காந்துகினு அவனுக்குச் சொல்றேன். எங்கப்பன் பேரு சொல்லிச் சொல்றேன்." அன்றைக்கே சொல்லுங்களேன் என்றேன். முகத்தைக் கழுவிக்கொண்டு, வேண்டாம், பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கிறான் என்றார்.

அடுத்த தரம் வரவே இல்லை, அமல். ரீனா பிறந்தாள், அப்புறம் வீடு வாங்கினாய், அப்புறம் கிரீன் கார்டு என்றாய். நான் குறை சொல்லவில்லை, பிழைப்பு அப்படி. ஆனால் ஒவ்வொரு வருஷமும் தவக்காலக் கடைசியில் உன் அப்பா அண்டாவை ஏற்றித் தட்டும் டம்ளரும் கொதிக்க வைத்து, துணியில் கட்டி மேல் அலமாரியில் எடுத்து வைப்பார். ரிட்டையராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, இந்த வீட்டுக்கு வந்த பிறகும் செய்தார். "திடீர்னு வந்து நிப்பானுங்க, அப்ப தேடிகினு இருக்க முடியாது" என்பார். அவன்கிட்ட சொல்லட்டுமா என்றால், "சொல்லாத, டிக்கெட் போடச் சொல்ற மாதிரி ஆயிடும்" என்பார். போன வருஷம் கை நடுங்கியது, இடுக்கியை நான் பிடித்துக்கொண்டேன். பெரிய வியாழன், பெரிய வெள்ளி, ஈஸ்டர் எல்லாம் போய், அதற்கடுத்த ஞாயிறுதான் அந்தத் துணியை அவிழ்க்க விட்டார். பிடிக்காத பண்டிகைக்கு இப்படி ஒரு மனுஷன் காத்திருப்பானா? நீயே சொல்லு.

அவரை அடக்கம் செய்துவிட்டு நீ அமெரிக்காவுக்குத் திரும்பினபோது ஹன்னா என்னிடம் போனில் ஒன்று சொன்னாள். அவர்கள் வழக்கத்தில், துக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது பண்டிகை வந்துவிட்டால் துக்கம்தான் எழுந்து வழிவிட வேண்டுமாம். நம் வழக்கம் அதற்கு நேர் எதிர். எது சரி என்று சாமியாரிடம் கேட்கலாமா என்று யோசித்தேன், கேட்கவில்லை. அவரோடு குடும்பம் நடத்தினவள் நான், நானே சொல்கிறேன். உன் துக்கத்தை நீ எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள், கறுப்புத் துணியைச் சட்டையில் குத்திக்கொள், பாட்டுப் போடாதே, புதுசு எடுக்காதே. ஆனால் அப்பாவைக் காரணம் காட்டி அந்தப் பாயை மட்டும் சுருட்டாதே. அவள் அலமாரியைப் பூட்டும்போது நீயும் கூட நில். கொதிக்கிற தண்ணீரில் அவள் ஒருத்தியே கையை விடும்படி விட்டுவிட்டு, சாப்பிட மட்டும் வந்து உட்காராதே. உன் அப்பா இடுக்கியை வாங்கின மாதிரி நீயும் வாங்கு.

இந்த வருஷம் உங்கள் வீட்டில் சின்னவள் ரீனா. பேச்சு நன்றாக வந்துவிட்டது, போனில் என்னையே அதட்டுகிறாள். கேள்வியை அவள்தான் கேட்க வேண்டும். பதிலை நீ சொல். மோசேயைப் பற்றி அவள் அம்மா சொல்லிக்கொள்வாள். உன் தாத்தா பெயர் சவரிமுத்து. அவரைப் பற்றி நீ சொல், அவருக்குத் தனிக் குவளை இருந்ததைச் சொல், அதைப் பார்த்து வளர்ந்த அவர் மகன் உன் அப்பா என்று சொல். மூன்று வயசுப் பிள்ளைக்கு என்ன புரியும் என்று நினைக்காதே. இப்போது புரியாவிட்டால் அடுத்த வருஷம் திரும்பவும் கேட்பாள், நீ திரும்பவும் சொல்ல வேண்டும். அவர் உனக்குச் சொல்ல ஆசைப்பட்டு, சொல்லாமலே போய்விட்டார். நீயாவது அவளுக்குச் சொல்லாமல் மிச்சம் வைக்காதே.

எனக்கு ஒன்றே ஒன்று செய். அன்றைக்கு எல்லோரும் உட்கார்ந்ததும் எனக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி மேசையில் வைத்துவிடு. என்னோடு யாரும் பேச வேண்டாம், நலம் விசாரிக்க வேண்டாம். உங்களுக்குச் சாயந்திரம் என்றால் இங்கே விடியப்போகிற நேரமாக இருக்கும். அந்தப் பிள்ளை கேட்பதும் நீ பதில் சொல்வதும் எனக்குக் கேட்டால் போதும். நான் முழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

உன் அம்மா